கூலி கேட்கும் குரல்

ஏழைக்கு இரங்கு என்று சொல்லாத மதம் ஏது? எல்லா மதமும் சொல்கிறது! கோயில் வாசலில் உண்டியல் இருக்கிறது. மாதா கோயில் வாசலிலும் இருக்கிறது. இரண்டு வாசலிலும் கையேந்தி நிற்கும் கூட்டமும் இருக்கிறது! இரக்கம் பேசிப் பேசி நூற்றாண்டுகள் ஓடிவிட்டன. ஏழை மட்டும் ஏழையாகவே நிற்கிறானே, ஏன்? கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும், கேட்கத்தான் வேண்டும்.

கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கை இங்கே நடத்த நான் வரவில்லை, தோழர்களே! கிறிஸ்தவ வேதம் ஏழையைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கூலிக்காரனின் கூலியை அன்றைய பொழுது சாய்வதற்குள் கொடுத்தாக வேண்டும் என்பது மோசேயின் சட்டம். ஆமோஸ் என்றொரு தீர்க்கதரிசி. ஆடு மேய்த்தவன், அரண்மனை உப்பைத் தின்றவனல்ல. ஏழையை மிதித்துவிட்டுப் பண்டிகை கொண்டாடிய செல்வர்களைப் பார்த்து, உங்கள் பாட்டும் வேண்டாம், பலியும் வேண்டாம், நியாயம் எங்கே என்று கேட்டான். பிற்காலத்தில் யாக்கோபு எழுதிய நிருபமோ, வயலில் அறுத்தவனுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே எழுந்து கூக்குரலிடுகிறது என்கிறது!

கவனியுங்கள்! இது தருமம் கேட்கும் பேச்சல்ல. தருமம் கொடுப்பவனின் கை மேலே, வாங்குபவனின் கை கீழே. கூலி கேட்பவன் குனிய வேண்டியதில்லை. அவன் தன்னுடையதைக் கேட்கிறான்.

ஆரணித் தோழனுக்கு இதை விளக்கவா வேண்டும்? குழித்தறியில் காலை இறக்கி, கண்ணைப் பாவிலே பதித்து, நாள் முழுவதும் நாடா ஓட்டுகிறான். மனைவி தார் சுற்றுகிறாள். புடவை கடை ஏறுகிறது. மின் விளக்கிலே சரிகை மின்னுகிறது. நெய்தவன் வீட்டிலோ முன்பணக் கணக்கு! வாங்கிய முன்பணம் தீரும்வரை தறி அவனுடையதல்ல, முதலாளியுடையது. கூலி எவ்வளவு என்று கேட்கும் வாயும் கட்டிப்போடப்படுகிறது. தீபாவளிக்கு முதலாளி ஒரு வேட்டி கொடுத்தால் கருணை என்கிறார்கள். கருணை இருக்கட்டும், கணக்கு எங்கே?

இந்த ஆரணிக்குப் பாதிரிமார் வந்தது நேற்றல்ல. 1853-இல் அமெரிக்க ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கிய ஆற்காடு மிஷனின் நிலையங்களில் ஆரணியும் ஒன்று. பள்ளி வைத்தார்கள், தொழிற்பள்ளியும் வைத்தார்கள். அந்தக் குடும்பத்து ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி கண்டார். இன்று அது நாடறிந்த ஆஸ்பத்திரி. தொண்டு, சந்தேகமில்லை! பாராட்டுகிறோம்.

ஆனால் அதைவிடக் கடினமான தொண்டு ஒன்றைச் செங்கற்பட்டு கண்டது. ஆதிதிராவிடன் குடிசை போட்ட மண் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசை போயிற்று! தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால், முதல் உரிமை எனக்கே என்று மிராசுதார் குறுக்கே நிற்பார். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி என்ற பாதிரிமார் கஞ்சி ஊற்றியதோடு நின்றுவிடவில்லை. இந்த அநியாயத்தை எழுதினார்கள், சர்க்காரின் கதவைத் தட்டினார்கள். கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் விரிவான அறிக்கை கொடுத்தார். 1892 செப்டம்பர் 30-இல் ஆணை பிறந்தது. தாழ்த்தப்பட்டோருக்கென்று ஒதுக்கப்பட்ட அந்த நிலத்தைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம்.

ஆணை பிறந்தது, நிலம் நிலைத்ததா? கைமாறியது, களவு போயிற்று! நூறாண்டு கழித்தும் போராட வேண்டியிருந்தது. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் போலீஸ் சுட்டது. மாண்டவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. பெயர்களைப் பாருங்கள் தோழர்களே! துப்பாக்கிக் குண்டு எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்கவில்லை.

நீதி கேட்கும் வேதம் தன் வீட்டிலும் நீதி காட்ட வேண்டாமா? சிலுவையின் முன்னே எல்லோரும் சமம் என்கிறார்கள். கல்லறைத் தோட்டத்திலே சாதிக்கொரு பக்கம் வைத்த ஊர்கள் தமிழகத்தில் உண்டு! 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கத்து எறையூரில், ஒரே வேதத்தைப் படிக்கும் இரு சாதியாருக்குள் மோதல் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டார்கள். ஞானஸ்நானத் தண்ணீர் சாதியைக் கழுவவில்லை.

சர்க்காரோ கழுவிவிட்டதாகக் கணக்கு எழுதியது! 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவனான ஆதிதிராவிடன் வாசலிலேயே நிறுத்தப்பட்டான். சேரி அதே சேரி, வசவு அதே வசவு, சலுகை மட்டும் இல்லை! அவர்களையும் சேர்க்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 19-இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி டில்லியைக் கேட்டது. கேட்டது நியாயம். அந்த நியாயம் பாதிரிமாரின் கல்லறைத் தோட்டத்துக்கும் பொருந்தும்.

ஆகவே, தோழர்களே, ஆரணியில் நம் வேலை தெளிவு. ஞாயிற்றுக்கிழமை கூலியைப் பற்றிய அந்த வசனத்தைப் பாதிரியார் உரக்கப் படிக்கட்டும். கேட்கும் கூட்டத்தில் முதலாளி இருந்தால் இன்னும் உரக்கப் படிக்கட்டும்! திங்கட்கிழமை தறி நெய்யும் தோழன், அவன் அந்தோணியோ அண்ணாமலையோ, கூட்டுறவுச் சங்கத்துக்கு வரட்டும். கூலிக் கணக்கை எழுத்திலே கேட்போம். முன்பணக் கணக்கைப் படித்துக் காட்டச் சொல்வோம். ஒருவன் கேட்டால் தறியைப் பிடுங்குவார்கள். ஊரே கேட்டால் கணக்கு நோட்டைத் திறந்துதான் ஆக வேண்டும்!