எல்லையின் பெயர்: மும்பை 'சயான்' குறித்த இடப்பெயர் விளக்கம்

மும்பையில் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் மாட்டுங்கா, தாராவிப் பகுதிகளில் அருகருகே வழங்கும் இரண்டு இடப்பெயர்கள் வெவ்வேறு இயல்பின. கிங்ஸ் சர்க்கிள் ஆங்கிலேயர் இட்ட பெயர்; அங்குள்ள வட்டப் பூங்காவுக்கு மகேசுவரி உத்யான் எனப் பெயர் சூட்டப்பட்ட பின்னரும் அதுவே மக்கள் வழக்கில் நிலைத்துள்ளது. அதன் வடக்கே உள்ள 'சயான்' என்பதோ ஆங்கில உருக்கொண்ட மராத்திப் பெயராகும். இப்பெயரின் வரலாற்றையும், அதனைத் தமிழில் எழுதுங்கால் நேரும் இடர்ப்பாட்டையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மராத்தியர் இவ்விடத்தைச் 'சீவ்' என்பர். இச்சொல்லுக்கு ஊரெல்லை என்பது பொருள். வடமொழிச் 'சீமா' என்பதே மராத்தியில் இவ்வாறு திரிந்தது. உயிர்களுக்கிடையே வரும் மகரம் வகரமாதல் அம்மொழியில் இயல்பு. 'நாமம்' 'நாவ்' எனவும் 'கிராமம்' 'காவ்' எனவும் வழங்குதல் காண்க. அதே வடமொழிச் சொல் தமிழில் 'சீமை' என நின்று, எல்லை என்னும் பொருளிலிருந்து நாடு, அயல்நாடு எனப் பொருள் விரிந்துள்ளது. எனவே மராத்தியச் 'சீவ்' என்பதும் தமிழ்ச் 'சீமை' என்பதும் ஒரு வேரினவே.

இடவமைப்பும் இப்பொருளுக்கு அரண் செய்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் இச்சிற்றூர், ஆங்கிலேயர் வசமிருந்த தீவுக்கும் போர்ச்சுக்கீசியர் வசமிருந்த சால்செட் தீவுக்கும் இடைப்பட்ட எல்லையில் அமைந்திருந்தது. 1669–1677 ஆண்டுகளில் இங்குள்ள குன்றின்மீது ஆங்கிலேயர் கோட்டை எழுப்பியதும் எல்லைக் காவலின் பொருட்டே.

ஐரோப்பியர் இப்பெயரைத் தம் எழுத்தில் எழுதியபோது, அது விவிலியத்துச் சீயோன் மலையின் பெயரோடு ஒத்த வடிவம் பெற்றது. அதனால் கிறித்தவத் துறவியர் அம்மலையின் பெயரையே இங்கு இட்டனர் என்னும் விளக்கமும் எழுந்தது. பொருள் விளங்காத அயற்சொல்லை அறிந்த சொல்லாக மாற்றிக்கொள்ளும் இப்போக்கினை மக்கள் சொற்பிறப்பு என்பர்.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதி இதற்கு ஒப்புமை தருகிறது. அங்கு வழங்கிய கார்னிய மொழி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியளவில் பேச்சு வழக்கொழிந்து, இருபதாம் நூற்றாண்டில் மீட்டெடுக்கப்பட்டது. தூக்கணங்குருவி அன்று, தகைவிலான் குருவிகளின் குன்று எனப் பொருள்படும் அம்மொழியின் 'பிரான் வென்னிலி', ஆங்கிலத்தில் 'பிரௌன் வில்லி' என ஓர் ஆளின் பெயர்போல் ஆயிற்று. மாறாக, 'கம் டு குட்' என்னும் குக்கிராமத்தின் பெயருக்கும் கார்னிய மூலம் கூறப்படுவதுண்டு. ஆயினும் அப்பெயர் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில்தான் பதிவாகியுள்ளமையால், அது ஆங்கிலப் பெயரே என்பர். ஒலியொப்புமை மட்டும் சான்றாகாது. பழைய பதிவும் நிலவமைப்பும் ஒருங்கே துணைநிற்றல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

மராத்திப் படைப்பை ஆங்கில வழித் தமிழாக்குவோர்க்கு இங்கு இருவகை இடர் உண்டு. உரோமன் எழுத்தில் நெடில் குறில் வேறுபாடு தோன்றாமையின், 'சீவ்' என்பதனைச் 'சிவ்' எனக் கொண்டு சிவபெருமானோடு தொடர்புபடுத்தல் ஒன்று; 'சீயோன்' என எழுதி விவிலியப் பொருளேற்றல் மற்றொன்று. இரண்டிலும் எல்லை என்னும் பொருள் மறைந்துவிடுகிறது. தமிழ் எழுத்து நெடிலைத் தெளிவாகக் காட்டவல்லது. அவ்வாய்ப்பை இழத்தல் தகாது.

திருவல்லிக்கேணியை 'டிரிப்ளிகேன்' எனத் தமிழ் நூலில் எழுதுவதை நாம் ஏற்பதில்லை. அந்நெறியே பிறமொழிப் பெயர்க்கும் உரியது. எனினும் 'சயான்' என்பது மும்பைத் தமிழரின் நாவில் வேரூன்றிய வடிவம். அதனைப் பிழையென ஒதுக்குதலும் பொருந்தாது. ஆதலின் மராத்தியர் கூற்றில் 'சீவ்' எனவும், தமிழர் கூற்றிலும் பொது நடையிலும் 'சயான்' எனவும் எழுதி, முதல் வருமிடத்தில் இரண்டும் ஓரூரே எனச் சுட்டுதல் ஏற்புடைத்து.