வண்டி கிரீச்சுன்னு கத்துதா? எண்ணெய் விடாதீங்க, காது கொடுங்க!



பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்திலிருந்து காய்கறி, கீரை, கருவாடு ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போய்வரும் வண்டிகளில் குழுக் கடனில் வாங்கிய வண்டிகளும் உண்டு. 'குட்டி யானை' என்று நாம் செல்லமாகக் கூப்பிடும் டாடா ஏஸ் 2005-ல் வந்தது. அதன் பிறகு சின்ன லோடு வண்டி வாங்குவது பல குழுக்களுக்குக் கைக்கு எட்டும் தொழிலானது. வண்டியை ஓட்டுவது டிரைவராக இருக்கலாம். தவணை கட்டுவது நாம்தான். எனவே வண்டி என்ன சொல்கிறது என்று நமக்கும் தெரிய வேண்டும்.

"காலைல எடுக்கும்போது கிரீச்சுன்னு ஒரு சத்தம் வருதுக்கா, அப்புறம் தானா நின்னுடுது" என்று டிரைவர் சொன்னால், "நின்னுடுச்சுல்ல, விடு" என்று நாம் விட்டுவிடுகிறோம். அப்படி விடக்கூடாது. இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, எதைப் பார்க்க வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று இந்த இதழில் பார்ப்போம்.

பெல்ட்டுக்கு என்ன வேலை?

தையல் மெஷினில் கீழ்ச் சக்கரத்தையும் மேல் சக்கரத்தையும் ஒரு தோல் பெல்ட் இணைக்கிறது அல்லவா? பெல்ட் தளர்ந்தால் கீழே எவ்வளவு மிதித்தாலும் மேலே ஊசி சரியாக ஓடாது. மாவு மில்லிலும் மோட்டாரையும் கல்லையும் பெல்ட்தான் இணைக்கிறது. வண்டியிலும் இதே கதைதான்.

இன்ஜின் சுற்றும்போது அதன் முன்புறம் உள்ள பெரிய புல்லி சுற்றும். அதிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட் மற்ற புல்லிகளுக்குப் போகும். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் (பலர் இன்னும் டைனமோ என்றுதான் சொல்கிறார்கள்), இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீரைச் சுற்ற விடும் வாட்டர் பம்ப், சில வண்டிகளில் ஃபேன், பவர் ஸ்டீயரிங், ஏசி இவையெல்லாம் இந்த பெல்ட்டை நம்பித்தான் ஓடுகின்றன. டிரைவர்கள் இதை 'ஃபேன் பெல்ட்' என்பார்கள்.

பெல்ட் அறுந்தால் என்ன ஆகும்? பேட்டரி சார்ஜ் நின்றுபோகும். வாட்டர் பம்ப் இந்த பெல்ட்டில் ஓடும் வண்டியில் இன்ஜின் சூடேறும். அதையும் மீறி ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போய்விடும். இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வேக்யூம் பம்ப் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே இருக்கிறது. பெல்ட் அறுந்தால் கொஞ்ச நேரத்தில் பிரேக் மிதி கல்லாகிவிடும். முழு பலத்தோடு மிதித்தால்தான் வண்டி நிற்கும். லோடோடு வரும் வண்டிக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

பேசின் பிரிட்ஜ் சொல்லும் பாடம்

சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ரயிலில் போகும்போது கடைசியாக வரும் ஸ்டேஷன் பேசின் பிரிட்ஜ். அங்கே வரிசையாகக் காலிப் பெட்டிகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சென்ட்ரலிலிருந்து புறப்படும் ரயில்களைக் கழுவி, சோதித்து, பழுது பார்க்கும் பணிமனை அது.

ரயில் பெட்டியில் விளக்கும் ஃபேனும் எப்படி ஓடுகின்றன? பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955-லிருந்து செய்துவந்த பழைய வகைப் பெட்டிகளில், சக்கரத்தின் அச்சில் ஒரு புல்லி இருக்கும். அதிலிருந்து பெல்ட் போட்டு, பெட்டிக்கு அடியில் தொங்கும் ஆல்டர்னேட்டரைச் சுற்றுவார்கள். சாதாரணப் பெட்டிக்கு 4 பெல்ட், பெரிய ஆல்டர்னேட்டர் உள்ள ஏசி பெட்டிக்கு 12 பெல்ட். பெல்ட் தளர்ந்தாலோ விழுந்தாலோ பேட்டரி ஏறாது. ராத்திரியில் விளக்கு மங்கும், ஃபேன் நின்றுபோகும். நம் வண்டியில் நடப்பதும் இதுதான். இந்த வகைப் பெட்டி செய்வதை ஐ.சி.எஃப். 2018-ல் நிறுத்தியது.

இதில் நமக்கு இரண்டு பாடம் உண்டு. ஒன்று, ரயில் பெட்டியில் பெல்ட் அறுந்த பிறகு தேடிப் போவதில்லை. பெட்டி பணிமனைக்கு வரும்போதே அடியில் இறங்கி பெல்ட் எத்தனை இருக்கிறது, இறுக்கம் சரியா என்று பார்க்கிறார்கள். இரண்டு, சேர்ந்து ஓடும் பெல்ட்டில் ஒன்று போனால் அதை மட்டும் மாற்றக் கூடாது. புதுசும் பழசும் ஒரே நீளத்தில் இருக்காது, பாரம் முழுக்கப் புதுசின் மேல் விழும். செட்டாகத்தான் மாற்ற வேண்டும். உங்கள் வண்டியிலோ மாவு மில்லிலோ இரட்டை பெல்ட் இருந்தால் இதை மறக்காதீர்கள்.

சத்தம் மூன்று வகை

எல்லாச் சத்தமும் ஒன்றல்ல. காது கொடுத்துக் கேட்டால் பாதி நோய் தெரிந்துவிடும்.

1. 'கிரீ.....ச்' என்று நீளமாக வருவது. இது பெல்ட் வழுக்கும் சத்தம். விடியற்காலை வண்டி எடுக்கும்போதும், ஹெட்லைட் போடும்போதும், ஆக்சிலேட்டர் அழுத்தும்போதும் வரும். ராத்திரி ஸ்டார்ட் செய்ததில் பேட்டரி இறங்கியிருக்கும், விளக்கும் எரியும். ஆல்டர்னேட்டருக்கு அப்போது பாரம் அதிகம். தளர்ந்த பெல்ட் அந்தப் பாரத்தை இழுக்க முடியாமல் வழுக்குகிறது. காசிமேட்டுக்கு மீன் எடுக்க இருட்டில் கிளம்பும் வண்டிகளில் இது சீக்கிரம் தெரியும். பேட்டரி ஏறியதும் சத்தம் நின்றுவிடும். ஆனால் குறை அப்படியே இருக்கும்.

2. 'கீச் கீச் கீச்' என்று குருவி மாதிரி விட்டு விட்டு வருவது. இன்ஜின் வேகம் கூடினால் கீச்சும் வேகமாகும். பெரும்பாலும் புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லாததால் வருவது. பெல்ட் ஒரு பக்கமாக உரசிக்கொண்டே ஓடுகிறது. புது பெல்ட் போட்டாலும் சில நாளில் திரும்ப வரும்.

3. 'கர கர', 'உர்ர்ர்' என்று கரகரப்பாக வருவது. இது பெல்ட் அல்ல, பேரிங். வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் புல்லி இவற்றில் ஒன்றின் பேரிங் தேய்ந்திருக்கும். பேரிங் இறுகி நின்றுவிட்டால் பெல்ட் அதன்மேல் உரசி, புகைந்து அறுந்துவிடும்.

மழை பெய்த பிறகோ, தேங்கிய தண்ணீரில் ஓட்டிய பிறகோ சிறிது நேரம் மட்டும் கிரீச் வந்தால் பயப்பட வேண்டாம். காய்ந்ததும் நிற்க வேண்டும். மறுநாள் வறண்ட ரோட்டிலும் வந்தால் காட்டிவிடுங்கள்.

நாமே பார்க்கக் கூடியது

இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும். குட்டி யானை மாதிரி வண்டிகளில் பானட் கிடையாது, சீட்டைத் தூக்கினால்தான் இன்ஜின் தெரியும்.

• பெல்ட்டில் வெடிப்பு, பிசிறு, கிழிசல் இருக்கிறதா?
• பெல்ட்டின் ஓரம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கிறதா? வழுக்கி வழுக்கித் தேய்ந்த அடையாளம் அது.
• எண்ணெய், கூலன்ட் கசிந்து பெல்ட்டில் பட்டிருக்கிறதா? கசிவை அடைக்காமல் பெல்ட்டை மட்டும் மாற்றினால் பணம் வீண்.
• இரண்டு புல்லிக்கு நடுவே நீளமான இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 முதல் 15 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம் அளவுக்கு அமுங்க வேண்டும். சரியான அளவு வண்டிப் புத்தகத்தில் இருக்கும், அதுவே கணக்கு. தானாக இறுக்கிக்கொள்ளும் டென்ஷனர் உள்ள வண்டிக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

முந்தானை ஜாக்கிரதை!

இன்ஜின் ஓடும்போது பெல்ட் பக்கம் குனியவே கூடாது. முந்தானை, துப்பட்டா, பின்னல், வளையல், தாலிச் சரடு எது சிக்கினாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் இழுத்துவிடும். சில வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடும். இன்ஜின் நின்ற பிறகும் திடீரென்று சுற்றும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

எண்ணெய் வேண்டாம்

கிணற்று ராட்டினம் கத்தினால் நாம் எண்ணெய் விடுகிறோம், சத்தம் நின்றுவிடுகிறது. அதே பழக்கத்தில் பெல்ட்டிலும் எண்ணெய், கிரீஸ், சோப்பு, பவுடர் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். இது தப்பு. ராட்டினம் வழுக்கினால்தான் நல்லது. பெல்ட் பிடித்தால்தான் நல்லது. எண்ணெய் பட்டால் சத்தம் அடங்கும், ஆனால் பெல்ட் இன்னும் அதிகமாக வழுக்கும், ரப்பரும் ஊறிக் கெட்டுப்போகும்.

"நல்லா டைட் பண்ணிடுப்பா" என்று சொல்வதும் தப்பு. அளவுக்கு மேல் இறுக்கினால் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகள் சீக்கிரம் போய்விடும்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்பது?

"பெல்ட்டா, புல்லியா, பேரிங்கா? எப்படிக் கண்டுபிடிச்சீங்க தம்பி?" என்று கேளுங்கள். கேட்க வெட்கம் வேண்டாம். தெரிந்த மெக்கானிக் இரண்டு வழியில் சோதிப்பார்.

முதல் வழி தண்ணீர். இன்ஜின் மெதுவாக ஓடும்போது, தள்ளி நின்று பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார். கீச் சத்தம் உடனே நின்று சிறிது நேரத்தில் திரும்பினால் புல்லி கோணல். சத்தம் இன்னும் கூடினால் பெல்ட் தளர்வு. இரண்டாவது வழி, பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில வினாடி மட்டும் இன்ஜினை ஓட்டுவது. சத்தம் காணாமல் போனால் குறை பெல்ட்டிலோ அது சுற்றும் பாகங்களிலோதான். பிறகு இன்ஜினை நிறுத்தி ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்ப்பார். கரகரப்பு, ஆட்டம் இருந்தால் அந்தப் பேரிங்தான் குற்றவாளி.

மாற்றிய பழைய பாகத்தையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் குழுக் கூட்டத்தில் காட்டலாம்.

வழியில் நின்றுவிட்டால்

ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்து, சூட்டு முள்ளும் மேலே ஏறினால் பெல்ட் போயிருக்கலாம். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்" என்று ஓட்ட விடாதீர்கள். ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். எண்ணூர், மணலி ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வெயிலில் ஊர்ந்து போகும் வண்டிக்கு இன்ஜின் சூடேறுவது இன்னும் சீக்கிரம் நடக்கும். லோடு ஐஸ் மீன் என்றால் வேறு வண்டி பிடித்து மாற்றுங்கள். ஒரு நடை நஷ்டம் பெரிதல்ல. பெல்ட் விலை நூறுகளில் முடியும், இன்ஜின் வேலை பல ஆயிரங்களில்தான் முடியும்.

குழுவில் செய்ய வேண்டியது

வண்டி வைத்திருக்கும் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடலாம். வண்டிக்கென்று ஒரு நோட்டு. வாரம் ஒருமுறை டிரைவரோடு ஒரு உறுப்பினரும் நின்று பெல்ட் பார்த்து தேதி, கிலோமீட்டர், கையெழுத்து போட வேண்டும். பெல்ட் மாற்றிய தேதியையும் அதிலேயே எழுதுங்கள். ஒரு மாற்று பெல்ட் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். வருமானத்தில் ஒரு சிறு தொகையைப் பராமரிப்புக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். தவணைப் பணத்தில் கை வைக்க வேண்டி வராது.

கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்க்கப் பழகிய நமக்கு, வண்டியின் சத்தத்தைக் கேட்டுப் பழகுவது கஷ்டமில்லை. நாளைக் காலை வண்டி எடுக்கும்போது இரண்டு நிமிடம் பக்கத்தில் நின்று கேளுங்கள். சத்தம் வந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.