தள்ளுவண்டிக் காளானும் நம் கடைக் கலர்ப் பொடியும்

கோவையில் மாலை நேரத் தள்ளுவண்டிகளில் விற்கும் ‘காளான்’ பெரும்பாலும் முட்டைக்கோஸ்தான், காளான் பேருக்குத்தான். கோஸ் மேட்டுப்பாளையம் மண்டிச் சரக்கு. மைதா, சோளமாவு, எண்ணெய், சாஸ் நம் கடைச் சரக்கு. வீட்டில் சந்தகை பிழிந்த காலம் போய், பிள்ளைகளுக்கு இதுவே பலகாரமாகிவிட்டது. குறை சொல்வதற்கில்லை, நம் கல்லாவும் அதில் நிறைகிறது.

கவனிக்க வேண்டியது சிவப்புப் பொடி. துணிக்கு ஏற்றும் ரோடமின்-பி சாயம் கலந்திருந்ததால், 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்தது. மார்ச்சில் கர்நாடகம் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் கூடாதென்றது. பெயரில்லாப் பொட்டலத்தில் இருப்பது எந்தக் கலர் என்று வண்டிக்காரருக்குத் தெரியாது. நம்மை நம்பி வாங்குகிறார். நாங்கள் உதிரிக் கலர் விற்பதை நிறுத்திவிட்டோம். இருவர் வேறு கடைக்குப் போய்விட்டனர். ஒருவர் காஷ்மீரி மிளகாய்த்தூளுக்கு மாறியிருக்கிறார். நிறம் போதும், விலைதான் கட்டவில்லை என்கிறார்.