விதையின் தூய்மை

மனிதன் பயிரிடும் கூலங்களுள் மக்காச்சோளம் தலைசிறந்த ஒன்றாகும். அதன் தாயகம் மெக்சிகோ நாடு. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்னர், தியோசின்டே என்னும் காட்டுப்புல்லினின்றும் அந்நாட்டு மக்கள் அதனைப் படிப்படியாக உருவாக்கினர். தென்பகுதியிலுள்ள வஹாக்கா மாநிலத்து மலைச்சிற்றூர்களில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கருநீலம் எனப் பல நிற மணிகளையுடைய கதிர்களை இன்றும் காணலாம். அறுவடையில் நல்ல கதிர்களைத் தேர்ந்தெடுத்து அடுத்த பருவத்திற்கு விதையாகச் சேமித்தலும், அயலாரோடு விதையை மாற்றிக்கொள்ளுதலும் அம்மக்களின் வழிவழி வந்த வழக்கங்களாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1996ஆம் ஆண்டு முதல் மரபணு மாற்றிய மக்காச்சோளம் பயிராகி வருகின்றது. மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றின் மரபணுவைச் சேர்த்து, புழுக்களைக் கொல்லும் புரதத்தைச் செடியே உண்டாக்குமாறு அறிஞர் செய்துள்ளனர். மெக்சிகோ 1998இல் இத்தகைய பயிரைத் தன் நிலங்களில் விதைப்பதை நிறுத்தி வைத்தது. எனினும், உணவுக்காக அயல்நாட்டுத் தானியம் வந்துகொண்டே இருந்தது. உண்ணற்கு வந்த மணியும் மண்ணில் விழுந்தால் முளைக்கும் அன்றோ?

முளைத்த செடி தனித்து நில்லாது. மக்காச்சோளச் செடியின் உச்சியில் ஆண்பூக்கள் உள்ளன. கீழேயுள்ள இளங்கதிரின் நுனியில் பட்டுநூல் போன்ற இழைகள் தொங்குகின்றன. ஒவ்வோர் இழையும் ஒரு மணிக்கு உரியது. காற்றில் வரும் மகரந்தத்தூள் இழையிற் படிந்தால் அம்மணி கருக்கொள்ளும். அயல் வயலின் தூள் படியின், அதன் பண்பும் மணிக்குள் புகும். ஆனால், அம்மாற்றத்தைக் கண்ணால் மட்டும் நோக்கி அறிதல் இயலாது. ஆதலின், ஆய்வு வேண்டப்படுகின்றது.

ஆய்வு முறைகள் இரண்டு. முதலாவது தாள்பட்டை முறை. மணிகளையோ இலையையோ அரைத்து நீரிற் கலந்து, அதில் பட்டையை நிறுத்த வேண்டும். இரு கோடுகள் தோன்றினால், தேடிய புரதம் உளது என்பது பொருள். ஒரு கோடு மட்டும் உரிய இடத்தில் தோன்றினால், அது காணப்படவில்லை என்பது பொருள். கோடே தோன்றாவிடில், ஆய்வு பிழைபட்டது. மீண்டும் செய்தல் வேண்டும். இம்முறை எளிது, வயலிலேயே செய்யலாம். ஆயினும், ஒரு பட்டை தனக்குரிய புரதத்தை மட்டுமே காட்டும்.

இரண்டாவது முறை ஆய்வுக்கூடத்திற்கு உரியது. மணியின் மரபுப்பொருளில் சேர்க்கப்பட்ட சிறுபகுதியைத் தேடி, அதனைச் சுற்றுக்குச் சுற்று இருமடங்காகப் பெருக்குவர். முப்பது சுற்றுகளில் ஒன்று நூறு கோடிக்கு மேலாகும். ஆதலால், மிகச் சிறிய அளவும் புலப்படும். ஆனால், வேறிடத்திலிருந்து ஒரு துகள் புகினும் பொய் முடிவு தோன்றும்.

எத்தனை மணிகளை ஆராய்வது? நூற்றுக்கு ஒன்று மாசுற்றிருப்பதாகக் கொள்வோம். பத்து மணிகளை மட்டும் எடுத்தால், பெரும்பாலும் அது நம் கைக்குத் தப்பிவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உறுதியோடு கண்டுபிடிக்க ஏறத்தாழ 300 மணிகள் வேண்டும். அவற்றையும் ஒரே மூலையில் எடுத்தலாகாது; வயல் முழுவதிலுமிருந்து எடுத்தல் வேண்டும்.

2001ஆம் ஆண்டில் இக்னாசியோ சபேலா, டேவிட் குவிஸ்ட் என்னும் அறிஞர் இருவர், வஹாக்கா மலைப்பகுதிக் கதிர்களில் மாற்றிய மரபணுவின் அடையாளத்தைக் கண்டதாக 'நேச்சர்' இதழில் எழுதினர். பெரும் வாதம் எழுந்தது. சான்று போதாது என மறு ஆண்டில் அவ்விதழே அறிவித்தது. 2003, 2004ஆம் ஆண்டுகளின் விதைகளை வேறு சிலர் ஆராய்ந்து, யாதொன்றும் காணப்படவில்லை என 2005இல் கூறினர். 2009இல் மற்றொரு குழுவினரோ, அப்பகுதியின் சில வயல்களில் கண்டதாக வெளியிட்டனர். எங்கு எடுத்தனர், எவ்வளவு எடுத்தனர், எம்முறையால் ஆராய்ந்தனர் என்பவற்றைப் பொறுத்து முடிவு வேறுபடக்கூடும். 2025 மார்ச்சுத் திங்களில், மரபணு மாற்றிய மக்காச்சோளத்தைப் பயிரிடலாகாது என்னும் திருத்தம் மெக்சிகோ நாட்டு அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்டது.

மாணவர்களே! 'காணப்படவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை உணர்ந்து, கண்டதைக் கண்டவாறு உரைப்பதே அறிவியலின் அறம். அவ்வறம் வழுவாத ஆய்வே, முன்னோர் தந்த விதையைத் தம் மக்களுக்கும் அவ்வாறே தர விழையும் உழவர்க்கு உற்ற துணையாகும்.