நடுக்குவாதம்: எந்தத் தேகப்பயிற்சி நல்லது?

வயதானவருக்குக் கை நடுங்கினால், "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவது பல வீடுகளில் வழக்கம். நடை சுருங்கி, முகத்தில் சிரிப்பு மறைந்து, சட்டைப் பித்தான் போடவே கால் மணி நேரம் ஆன பிறகுதான் டாக்டரிடம் அழைத்துப் போகிறார்கள். அப்போதுதான் 'பார்க்கின்சன்' நோய் என்று தெரிய வருகிறது. தமிழில் இதை நடுக்குவாதம் என்பார்கள்.

லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்நோயைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. மூளையில் 'டோபமைன்' என்ற ரசாயனத்தை உண்டாக்கும் செல்கள் சிறிது சிறிதாக அழிவதால், உடம்பின் அசைவுகள் மெதுவாகின்றன, தசைகள் விறைக்கின்றன. 'லெவோடோபா' மாத்திரை இக்குறையை ஓரளவு ஈடு செய்கிறது. ஆனால் அழிந்த செல்களை அது மீட்டுத் தருவதில்லை. தள்ளாட்டமும் கீழே விழுவதும் மாத்திரைக்கு அவ்வளவாகக் கட்டுப்படுவதில்லை.

உட்கார வைப்பது உதவியா?

ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தும் வீட்டில் பெரியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மருத்துவச் செலவு ஒருபுறம். யாராவது ஒருவர் வேலைக்கு லீவு போட வேண்டிய கஷ்டம் மறுபுறம். அந்தப் பயத்தில் அவரை ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். இது அன்பினால் செய்யும் காரியம்தான். ஆனால் உட்கார்ந்தே இருந்தால் தசை மெலிகிறது, விறைப்பு கூடுகிறது. விழும் அபாயமும் அதிகரிக்கிறது.

ஆராய்ச்சிகள் சொல்வது

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் 195 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2012-ல் வெளியாயிற்று. ஒரு பிரிவுக்குச் சீனாவின் 'தாய் சீ' என்ற நிதானமான அசைவுப் பயிற்சி. இரண்டாவதற்கு எடைப் பயிற்சி. மூன்றாவதற்குத் தசைகளை நீட்டி மடக்கும் பயிற்சி. வாரம் இருமுறை, ஒரு மணி நேரம் வீதம் 24 வாரங்கள் நடந்தன. உடம்பைத் தள்ளாடாமல் நிறுத்துவதில் 'தாய் சீ' மற்ற இரண்டையும் மிஞ்சியது. நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட இவர்கள் கீழே விழுந்ததும் குறைவு.

நெதர்லாந்தில் 130 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி 2019-ல் வெளிவந்தது. நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளை வாரம் மூன்று முறை, 30 முதல் 45 நிமிடம், ஆறு மாதம் வீட்டிலேயே மிதித்தவர்களுக்கு, நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களைவிட அசைவுக் கோளாறுகள் குறைவாகவே வளர்ந்திருந்தன.

அதே ஆண்டு ஹாங்காங்கிலிருந்து ஒரு முடிவு வந்தது. அங்கே 138 பேரில் ஒரு பாதியினர் எட்டு வாரங்கள் யோகாசனம் செய்தனர். மறு பாதியினர் சாதாரணத் தேகப்பயிற்சி செய்தனர். அசைவில் இரு சாராருக்கும் பலன் சமமே. ஆனால் கவலையும் மனச்சோர்வும் யோகா செய்தவர்களுக்கு அதிகமாகக் குறைந்தன.

எது மேல்?

'காக்ரேன்' அமைப்பினர் 150-க்கு மேற்பட்ட ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்து 2023-ல் அலசிப் பார்த்தனர். நடனம், நீர்ப் பயிற்சி, நடை, யோகா என அநேகமாக எல்லாமே ஏதேனும் ஒரு வகையில் பலன் தருகின்றன. ஒன்று மற்றொன்றைவிட மிக உயர்ந்தது என்று சொல்ல ஆதாரம் போதாது என்பதே அவர்கள் கண்ட முடிவு. விலை உயர்ந்த சாதனம் வாங்க முடியாதவர்களுக்கு இது நல்ல செய்தி. செய்ய முடிந்ததை விடாமல் செய்வதுதான் முக்கியம்.

நடக்கும்போது திடீரென்று கால் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடுவது இந்நோயின் ஒரு குணம். அப்போது பிடித்து இழுக்கக் கூடாது. "ஒன்று, இரண்டு" என்று தாளமாக எண்ணினாலும், தரையில் போட்ட கோட்டைத் தாண்டச் சொன்னாலும் பலருக்குக் கால் எழும்பும். தானாக நடக்கும் பழக்கம் கெட்டாலும், கண்ணும் காதும் தரும் குறிப்பைப் பற்றிக்கொண்டு மூளை காலை இயக்கிவிடுகிறது.

கவனிக்க வேண்டியவை

தொடங்குமுன் டாக்டரையோ பிசியோதெரபி நிபுணரையோ கலந்துகொள்ள வேண்டும். மாத்திரை நன்கு வேலை செய்யும் நேரமே பயிற்சிக்கு ஏற்றது. இந்நோயாளிகளுக்கு எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். ஆகவே மெதுவாக எழ வேண்டும். சுவரோ, ஆடாத நாற்காலியோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

மும்பையில் இந்நோயாளிகளுக்கென 2001-ல் ஒரு சங்கம் தொடங்கப்பட்டு, கூட்டாகப் பயிற்சி கற்பித்து வருகிறது. அத்தகைய வசதி இல்லாத ஊரில், வீட்டு நடையே போதும். வேலைக்குப் போகும் மகனோ மகளோ காலையில் அரை மணி முன்னதாக எழுந்து, பெரியவரின் கையைப் பிடித்து நாலு நடை நடத்திவிட்டுப் போனால், மாத்திரை தராத பலனைக் கூட அது தரும்.