எட்டுச் சுற்றுக்கு மூன்று நாள்



பைக் ரேஸ் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சைலன்சரை மாற்றிவிட்டு சாயங்காலம் பைபாஸில் ‘விர்ர்’ என்று பறக்கும் அண்ணன்கள்தானே? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன காலாண்டு லீவில் என் தாய்மாமாவோடு இருங்காட்டுக்கோட்டை போய்வந்த பிறகுதான் உண்மையான ரேஸ் என்றால் என்னவென்று தெரிந்தது. தெரிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

எங்கே நடக்கிறது?

சென்னையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கப்பட்டது. முதலில் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் நடத்தினார்கள். பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகத் தடம் போட்டார்கள். 1990 முதல் அங்கே பந்தயம் நடக்கிறது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள்.

நம்ம ஊர்ப் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயத்தில் தட்டான்சிட்டு, தேன்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று பிரிப்பார்கள் இல்லையா? தட்டான்சிட்டைப் பெரியமாட்டோடு ஓட விட்டால் நியாயமில்லை. அதே மாதிரி இங்கே என்ஜின் அளவை வைத்துப் பிரிக்கிறார்கள். நாங்கள் போனது 165 சிசி பிரிவு.

எங்கள் டீம்

டீம் என்றதும் பெரிய லாரி, ஏசி அறை என்று நினைக்காதீர்கள். ஒரு பைக், அதை ஓட்டும் அண்ணன், அவருடைய நண்பர், மெக்கானிக்காக எங்கள் மாமா. தண்ணீர் கேன் தூக்க நான். அவ்வளவுதான். குட்டி யானையில் பைக்கை ஏற்றிக் கயிறு கட்டி, ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ராத்திரி முழுக்கப் போனோம். நுழைவுக் கட்டணம், டயர், பெட்ரோல் எல்லாம் அந்த அண்ணன் ஒரு வருசமாகச் சேர்த்த காசு.

வெள்ளிக்கிழமை: தணிக்கை

முதல் வேலை ஓட்டுவது இல்லை, காட்டுவது! தணிக்கை அதிகாரிகள் பைக்கை அக்கு வேறு ஆணி வேறாகப் பார்க்கிறார்கள். ஹெட்லைட், கண்ணாடி, இண்டிகேட்டர், ஸ்டாண்டு எதுவும் இருக்கக் கூடாது. கீழே விழுந்தால் உடைந்து குத்தும். பிரேக் லிவரின் நுனி உருண்டையாக இருக்க வேண்டும். ஆயில் போல்ட்டில் ஓட்டை போட்டு, கம்பியை முறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். “ஏன் மாமா?”ன்னு கேட்டேன்.

“அதிர்ச்சியில போல்ட் கழண்டு ஒரு சொட்டு ஆயில் ரோட்டுல விழுந்தாப் போதும் மாப்ள. நம்ம வண்டி தப்பிச்சிரும், பின்னாடி வர்றவன் வழுக்கிருவான்” என்றார்.

அந்தக் கம்பி நமக்காக இல்லை, அடுத்தவனுக்காக! ரேடியேட்டர் உள்ள வண்டியில் கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீர் ஊற்றுவதும் இதே காரணத்துக்குத்தான். கூலன்ட் கொட்டினால் தடம் வழுக்கும்.

டயருக்குள் ஒரு அறிவியல் பாடம்

மாமா டயரில் காற்றைக் குறைத்து வைத்தார். “காத்து கம்மியா இருக்கே மாமா?” என்றதற்கு, “ஓடி வரட்டும் பாரு” என்றார். பைக் நாலு சுற்று ஓடி வந்ததும் அளந்தால் கூடியிருந்தது! அடைத்து வைத்த வாயு சூடானால் அழுத்தம் கூடும் என்று நாம் படித்ததுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 30 டிகிரியில் டயரில் 25 பி.எஸ்.ஐ. காற்று. வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 15-ஐக் கூட்டினால் 40. டயருக்குள் 70 டிகிரி சூடானால், 40-ஐ 343-ஆல் பெருக்கி 303-ஆல் வகுக்க வேண்டும் (இரண்டு வெப்பநிலையோடும் 273 கூட்டியிருக்கிறேன்). கிடைப்பது சுமார் 45. அதில் 15-ஐக் கழித்தால் 30! முதலிலேயே 30 வைத்திருந்தால் ஓடும்போது இன்னும் ஏறி, டயர் தரையில் பதியும் பரப்பு குறைந்து பிடிமானம் போய்விடும்.

டயர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். இந்தியாவின் முதல் பார்முலா ஒன் வீரர் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். 2005-ல் அமெரிக்கப் பந்தயத்தில் 20 கார்களில் 14 கார்கள், தங்கள் டயர் தாங்காது என்ற பயத்தில் தொடங்கும் முன்பே விலகிவிட்டன. மீதி 6 கார்கள்தான் ஓடின. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் எடுத்தார். ஜெயிக்கத் தெரிந்தவர்களுக்கு விலகவும் தெரிந்திருக்கிறது!

சனிக்கிழமை: விழுந்தது

சனிக்கிழமை தகுதிச் சுற்று. யார் எவ்வளவு நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறார்களோ, அதை வைத்துத்தான் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் இடம். நம் அண்ணன் நன்றாகத்தான் ஓட்டினார். கடைசியில் ஒரு வளைவில் பிரேக்கை லேட்டாகப் பிடித்து, பைக் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். உடனே மஞ்சள் கொடி ஆடியது. மஞ்சள் என்றால் ‘முன்னால் ஆபத்து, யாரும் முந்தாதே’ என்று அர்த்தம். சிவப்பு என்றால் பந்தயமே நிறுத்தம். கொடி பிடிப்பவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை, ஆர்வத்தில் வந்த தன்னார்வலர்கள்.

அண்ணனுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ராத்திரி சார்ஜர் லைட் வெளிச்சத்தில் ஹேண்டில்பார் மாற்றினோம், ஃபுட்ரெஸ்ட் மாற்றினோம். பக்கத்து டென்ட்காரர்கள் ஒரு கிளட்ச் லிவர் கொடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்தது என்று சந்தோசப்பட்டேன். அப்போதுதான் மாமா ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே நின்றுவிட்டார். பின்பக்கம் முடி அளவுக்கு ஒரு கீறல்.

“மேலால ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்ணே. யாருக்குத் தெரியப் போகுது?” என்றார் அண்ணன். ஒரு வருசக் காசு, ஒரே ஹெல்மெட். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

மாமா கோபப்படவில்லை. “உள்ள இருக்கிற தெர்மாகோல் ஒரு தடவ நசுங்குனா நசுங்குனதுதான் தம்பி, திரும்ப உப்பாது. ஸ்டிக்கர் ஒட்டி அதிகாரிய ஏமாத்தலாம், தார் ரோட்ட ஏமாத்த முடியாது. வேற ஹெல்மெட் கெடச்சா ஓட்டு. இல்லாட்டி காலையில ஊருக்கு வண்டியக் கட்டிருவோம்” என்றார்.

அன்றைக்கு ராத்திரி யாரும் சரியாகத் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை: பந்தயம்

விடிந்ததும் மாமா டென்ட் டென்டாகப் போய்க் கேட்டார். வேறு பிரிவில் ஓட்டும் ஒருவர் தன் இன்னொரு ஹெல்மெட்டைக் கொடுத்தார். அளவு சரியாக இருந்தது. விழுந்த பைக்கையும் புது ஹெல்மெட்டையும் மறுபடி தணிக்கைக்குக் காட்டி அனுமதி வாங்கினோம்.

எட்டுச் சுற்று. மொத்தம் 30 கிலோமீட்டர். நம் ஊரிலிருந்து கிட்டத்தட்ட தேனி போகிற தூரம்தான். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது! 16 பேரில் நம் அண்ணன் பதினொன்றாவது. கோப்பை இல்லை. ஆனால் சதுரக் கொடியைத் தாண்டி அவர் கை தூக்கியபோது நாங்கள் ஜெயித்த மாதிரியே கத்தினோம்.

“வண்டியும் முழுசா இருக்கு, ஆளும் முழுசா இருக்கு. இனி அடுத்த ரேசுக்குக் காசு சேத்தாப் போதும்” என்றார் மாமா.

நண்பர்களே, சிந்திப்போம்!

இவ்வளவு பார்த்தும் ஆபத்து முழுசாகப் போய்விடாது. 2023 ஆகஸ்டில் இதே தடத்தில், பந்தயத்தில் கீழே விழுந்து பெங்களூருவைச் சேர்ந்த 13 வயது வீரர் இறந்துபோனார். அந்த வாரத்தின் மீதிப் பந்தயங்களை எல்லாம் ரத்து செய்தார்கள். 13 வயது என்றால் நம்மில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு தம்பியின் வயது.

தணிக்கை, ஆம்புலன்ஸ், டாக்டர், கொடி பிடிக்க ஆட்கள் என எல்லாம் இருக்கும் தடத்திலேயே இப்படி. நம் பைபாஸில் மஞ்சள் கொடி காட்ட யார் இருக்கிறார்கள்? எதிரில் வருவது திராட்சை ஏற்றிய லாரியா, பால்கேன் கட்டிய சைக்கிளா என்றுகூடத் தெரியாது.

வேகம் பிடிக்கும் என்றால் தப்பில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் மூன்று நாள் வேலை பார்த்துவிட்டுக் கால் மணி நேரம் ஓட்டுபவர்தான் ரேசர். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். ஆணியில் தொங்கும் அப்பாவின் ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்து, பின்பக்கம் பாருங்கள். கீறல் இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிவிடாதீர்கள்!



– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்