அடுக்களைக்கேற்ற மின் அரைப்பான்

அம்மி நசுக்கித் தேய்க்கும். ஆட்டுக்கல் குழவியை உருட்டி மாவாக்கும். உரல் இடிக்கும். இம்மூன்றின் வேலையையும் தான் ஒன்றே செய்வதாக வணிகர் புகழும் மின்சார மிக்சியோ இவற்றுள் எதனையும் செய்வதில்லை. அது வெட்டுகிறது. சுமையின்றி ஓடும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 18,000 முறை சுழலும் அதன் அலகு, பொருளைத் துணித்துத் துணித்தே துகளாக்குகிறது. இவ்வேற்றுமையை மனத்திற்கொண்டு கடைக்குச் செல்பவர் ஏமாறுவது அரிது.

விரைந்து வெட்டும் அலகு வெப்பத்தையும் உண்டாக்கும். சம்பலுக்கும் கறிக்கூட்டுக்கும் அதனால் பெரும் தீங்கில்லை. தோசைக்கு ஊறவைத்த உழுந்தோ சூடேறினால் நன்கு பொங்காது. ஆகவே சிறிது சிறிதாக இட்டு, குளிர்ந்த நீர் தெளித்து, இடையிடையே நிறுத்தி அரைத்தல் வேண்டும். நாள்தோறும் தோசையும் இட்டலியும் ஆக்கும் பெரிய குடும்பத்துக்கு மிக்சியைவிடக் கல் பொருத்திய கிரைண்டரே தக்கது. அது மெதுவாகச் சுழல்வதால் மா ஆட்டுக்கல்லில் அரைத்தது போலவே அமையும். இவ்வகைப் பொறிக்குக் கோயம்புத்தூர் பெயர் பெற்ற ஊர்.

1960களில் இந்தியாவிலே சத்திய பிரகாஷ் மாத்தூர் என்னும் பொறியியலாளரின் இல்லத்தில் ஐரோப்பிய அரைப்பான் ஒன்று பழுதுபட்டது. மென்பொருள்களைக் கலக்குவதற்கென அமைந்த அப்பொறி, காய்ந்த மஞ்சளையும் ஊறிய பருப்பையும் தாங்கவில்லை. துணைவியார் மாதுரியின் தேவையைக் கண்ட அவர், வலிய மோட்டர் கொண்ட ‘சுமீத்’ மிக்சியை உருவாக்கினார். அழகிய கண்ணாடிக் குடுவையைக் கண்டு மயங்குவோர் இதனை நினைத்தல் நன்று. பழச்சாற்றுக்கென அமைந்த பொறியில் செத்தல் மிளகாயை இடுவது அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும்.

அடுத்து நோக்கவேண்டியது வாற்று. இது பொறி இழுக்கும் மின்வலுவின் அளவேயன்றி அரைக்கும் திறனின் அளவன்று. தேங்காய், சம்பல், சிறிதளவு கறிக்கூட்டு ஆகியவற்றுக்கு 500 வாற்றுப் போதும். வாரத்தில் இரண்டு மூன்று முறை உழுந்து அரைப்போர் 750 வாற்றுக்குக் குறையாதது வாங்கலாம். மின்கட்டணத்தை எண்ணி அஞ்சவேண்டியதில்லை. 750 வாற்றுப் பொறி நாளொன்றுக்குப் பத்து நிமிடம் ஓடினால், எட்டு நாளைக்கு ஓர் அலகு மின்சாரமே செலவாகும். மாதம் முழுவதற்குமான மிளகாய்த்தூளை மட்டும் ஆலைக்கு அனுப்புவதே அறிவுடைமை. மிக்சி நெடுநேரம் இடைவிடாது ஓடுதற்கு அமைந்ததன்று. அளவு மீறினால் தானே நின்றுவிடும் பாதுகாப்பு அதில் உண்டா என்று பார்த்தல் வேண்டும். பல பொறிகளின் அடிப்புறத்தில் இதற்கெனச் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும்.

கனடாவிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவரும் பொறி இங்கே தொல்லை தருவதுண்டு. அந்நாட்டு வீடுகளில் வழக்கமான மின்னழுத்தம் 120 வோல்ற்று, இலங்கையிலோ 230. நேரே இணைத்தால் புகை எழுந்து மோட்டர் எரியும். இந்தியப் பொறிகளுக்கு இவ்விடர் இல்லை; ஆயினும் அவற்றின் உருண்டைமுனைச் செருகி 13 அம்பியர்த் துளையில் பொருந்தாது. பேனா முனையால் மேல்துளையைத் திறந்து அதனைத் திணிக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அவ்வாறு செய்தால் புவித்தொடுப்பு அற்றுப்போகும். ஈரக் கையோடு உருக்குப் பாத்திரத்தைத் தொடும் பெண்ணின் உயிரே இதில் தங்கியிருத்தலால், தகுந்த மின்தொழிலாளரைக் கொண்டு செருகியை மாற்றுவித்தல் வேண்டும்.

விலை பேசுமுன் உதிரிப்பாகங்களைப் பற்றி வினவவேண்டும். முதலில் தேய்வன மூடியின் இறப்பர் வளையமும், பாத்திரத்தையும் மோட்டரையும் பூட்டும் பற்களுடைய இணைப்பும், மோட்டரினுள் உள்ள கரித்துண்டுகளுமே. இவை அவ்வூர்க் கடையிலேயே கிடைக்கவேண்டும். கிளிநொச்சியில் வாங்கிய பொறிக்கு ஒரு வளையம் தேடிக் கொழும்புக்குப் பேருந்து ஏறவேண்டுமாயின், அம்மியைக் கழுவி வைத்திருப்பதே மேல்.